ஸ்பொன்சரிலிருந்து சுப்பர் விசாவுக்கு

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் நடத்தியவர்களுக்குக் கனடா போகக் காத்திருக்கும் தாய் தகப்பனை வாசலிலேயே அடையாளம் தெரியும். வயது அறுபதுக்கு மேல். கையில் ஒரு பை. சாப்பிடப் போனாலும் குளிக்கப் போனாலும் இருவரில் ஒருவர் அதற்குக் காவல். உள்ளே பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவு, விதானையாரின் கடிதம், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, மகனின் சின்ன வயதுப் படங்கள் சில. இடப்பெயர்வில் பிறப்புப் பதிவு தொலைந்துபோனவர்களுக்கு அந்தப் படங்களும் போதவில்லை. பெற்ற பிள்ளைதான் என்று காட்ட மரபணுச் சோதனை வரைக்கும் போனவர்கள் உண்டு.

அந்த லொட்ஜுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த காலத்தில் கிளாலியில் இருட்டோடு படகேறி நீரேரியைக் கடக்க வேண்டும். 1996-க்குப் பிறகு காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல். கொழும்பில் கால் வைத்ததும் பொலிஸ் பதிவு. பிறகு மெடிக்கல், பிறகு தூதரகக் கடிதத்துக்கான காத்திருப்பு. சொன்ன நேரத்துக்குக் கொமினிக்கேஷனுக்குப் போய் மகனின் அழைப்புக்காக வாங்கில் இருப்பார்கள். "தம்பி, மெடிக்கல் முடிஞ்சுது. இனி அவங்கள் கூப்பிடோணும்." அதற்குமேல் பேசக் காசும் இல்லை, விஷயமும் இல்லை. இப்படிக் காத்திருந்தவர்களுக்கு லொட்ஜ் பாதுகாப்பான இடமாகவும் இருக்கவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஏற்றப்பட்டவர்களில் வெளிநாட்டுப் பயணத்துக்காக வந்து தங்கியிருந்தவர்களும் இருந்தார்கள்.

இவ்வளவு இடைஞ்சலிலும் அந்தப் பெற்றோருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இருக்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ, இரண்டு வருடத்திலோ நாலு வருடத்திலோ, முறை வரும்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டம் துணை இருந்தது. 1976-இல் இயற்றப்பட்டு 1978-இல் நடைமுறைக்கு வந்த கனடிய குடிவரவுச் சட்டம், குடும்பம் சேர்வதை ஒரு தனி வகுப்பாகவே வைத்தது. கணவன், மனைவி, சிறுபிள்ளைகளோடு பெற்றோரும் பாட்டன் பாட்டியும் அதற்குள் வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த இளைஞர்கள், 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீனவர்களால் மீட்கப்பட்ட 155 பேர், அதன் பின்னர் விமான நிலையத்தில் அகதி என்று கைதூக்கியவர்கள் எல்லாருடைய கணக்கும் ஒன்றுதான். முதலில் அகதி வழக்கு வெல்ல வேண்டும். பிறகு நிரந்தர வதிவுரிமை. அடுத்தது ஸ்பொன்சர். குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வதிவுரிமை போதும். சம்பளக் கணக்கைக் காட்டி, பத்து வருடத்துக்குப் பெற்றோரை நானே பார்ப்பேன் என்று கையெழுத்து வைத்தால் கோப்பு உள்ளே போகும். வருடத்துக்கு இத்தனை விண்ணப்பம்தான் எடுப்போம் என்று கதவை மூடும் பழக்கம் அன்று இல்லை. வரிசை மெதுவாக நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது.

வந்திறங்கிய அம்மா விருந்தாளி இல்லை. விமான நிலையத்தில் கொடுத்த லாண்டிங் பேப்பரோடு அவர் நிரந்தரவாசி. சில மாதத்தில் ஹெல்த் காட். அரசாங்கச் செலவில் ஆங்கில வகுப்பு. மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 65 வயதும் பத்து வருட வதிவும் நிறைந்தால் முதியோர் பென்சன். இந்தக் கடைசி விஷயத்தை வெளியே இருந்து பார்க்கிறவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டுக்குள் அது பெரிய மாற்றம். வருடப்பிறப்புக்குப் பேரப்பிள்ளைகளின் கையில் கைவிசேடம் வைக்க மகனிடம் காசு கேட்க வேண்டியதில்லை. ஊரில் கோயில் திருவிழாவுக்குத் தன் பெயரிலேயே அனுப்பலாம். மருமகளோடு மனத்தாங்கல் என்றால் முதியோர் குடியிருப்பில் ஓர் அறைக்குப் பதிந்துவைக்கலாம். ஸ்காபரோவில் தமிழ் முதியோர் சங்கங்கள் அவ்வளவு கலகலப்பாக நடந்ததற்கு இந்தச் சொந்தக் காசும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அன்றைய காலத்தைத் தங்கத்தட்டில் வைத்துக் காட்டுவதும் சரியல்ல. பழைய சட்டப்படி, பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் கனடாவுக்கு வெளியே இருந்தால் வதிவுரிமையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நீங்கள்தான் நிறுவ வேண்டும். திரும்பிப் போகப் பாதையும் இல்லை. வலிகாமம் வடக்கில் வீடு இருந்தவர்களுக்கு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். ஆகவே வந்தவர்கள் வந்தவர்கள்தான். மகன் இரண்டு வேலை, மருமகள் ஒரு வேலை, மாமியார் பேஸ்மென்டில் பிள்ளைகளோடு. ஊரில் பத்து வீட்டுக்கு நாட்டாண்மை செய்த மனிதர் பஸ் நம்பர் தெரியாமல் சன்னலோரம் இருந்தார். பலர் ஊரை மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

திருப்பம் வந்தது 2011-இல். அந்த வருடம் நவம்பர் 4-ஆம் தேதி, பெற்றோர், பாட்டன் பாட்டி ஸ்பொன்சர் விண்ணப்பங்களை வாங்குவதை 24 மாதத்துக்கு நிறுத்துவதாக அப்போதைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கெனி அறிவித்தார். தேங்கிக் கிடந்த கோப்புகளில் 1,65,000 பேர் வரை இருந்தார்கள். காத்திருப்பு ஏழெட்டு வருடமாகியிருந்தது. இப்படியே விட்டால் விசா வருவதற்குள் ஆளே இருக்கமாட்டார் என்ற அமைச்சரின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே கையோடு டிசம்பர் 1 முதல் சுப்பர் விசா என்ற புது ஏற்பாடு வந்தது. பத்து வருடம் வரை செல்லுபடி, எத்தனை தடவையும் வந்துபோகலாம், ஒவ்வொரு வருகைக்கும் இரண்டு வருடம் தங்கலாம். தற்காலிக ஒட்டுவேலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே பிரதான வாசல்.

2014-இல் ஸ்பொன்சர் திரும்பத் திறந்தபோது அது வேறு சாமானாகிவிட்டிருந்தது. வருடத்துக்கு 5,000 விண்ணப்பம் மட்டும். வருமான எல்லை முன்னையதைவிட 30 வீதம் கூட. அதுவும் ஒரு வருடத்துக்கு அல்ல, தொடர்ந்து மூன்று வருட வரிக் கணக்கில் தெரிய வேண்டும். தாயும் தகப்பனும் வரப்போகிறார்கள் என்றால் அவர்களையும் சேர்த்துத்தான் குடும்பத் தலைக்கணக்கு. இரண்டு பிள்ளை உள்ள வீடு ஆறு பேர் வீடாகக் கணக்காகும். சாப்பாட்டுக் கடைகளில் கைக்காசுக்கு நின்ற காலம் வரிப் பேப்பரில் இல்லாத காலம். அப்படி உழைத்தவர்கள் முதல் படியிலேயே நின்றுவிட்டார்கள். பொறுப்பேற்கும் காலம் பத்து வருடத்திலிருந்து இருபதாயிற்று. கியூபெக்கில் மட்டும் விதி வேறு. நாற்பத்தைந்து வயதில் கையெழுத்து வைப்பவர் அறுபத்தைந்து வரைக்கும் கட்டுப்பட்டவர். இடையில் வேலை போனாலும், கணவன் மனைவி பிரிந்தாலும், அந்தக் கையெழுத்து அழியாது. பெற்றோர் அரச உதவிப் பணம் எடுத்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் ஸ்பொன்சர் செய்தவர்தான். யார் கையெழுத்து வைப்பது என்று அண்ணன் தம்பிக்குள் இப்போது நடக்கிற பேச்சு அன்று இல்லாத பேச்சு.

5,000 இடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் என்று கேட்கத் தேவையில்லை. ஜனவரி முதல் வாரத்தில் மிசிசாகாவில் உள்ள குடிவரவு அலுவலக வாசலில் பெட்டி பெட்டியாகக் கோப்புகளுடன் கூரியர்காரர்கள். வரிசையில் முன்னுக்கு நிற்கத் தனிக் கட்டணம். எண்ணிக்கையை 10,000 ஆக்கியும் நெரிசல் தீரவில்லை. 2017-இல் அரசாங்கம் குலுக்கலுக்குப் போனது. ஏறத்தாழ 95,000 பெயர்கள் விழுந்தன. குலுக்கல் அநியாயம் என்று எல்லாரும் கத்த, 2019-இல் முந்தி வருகிறவருக்கே இடம் என்று மாற்றினார்கள். ஜனவரி 28 நண்பகல் ஒன்லைன் படிவம் திறந்தது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் மூடியது. வேகமான இணையமும் வேகமான விரலும் உள்ளவனுக்கு அம்மா கிடைத்தார். கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், அந்த நேரம் தொழிற்சாலை இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர் ஆகியோருக்குப் பத்து நிமிடம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது.

பிறகு மறுபடியும் லொத்தர். 2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவம் வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். அதற்குப் பின் அந்தப் பெட்டி புதிதாகத் திறக்கவே இல்லை. 2021 முதல் 2025 வரை வருடா வருடம் அதே பெட்டியிலிருந்துதான் எடுத்தார்கள். 2025 ஜூலை இறுதியில் 17,860 பேருக்கு அழைப்பு போனதும் அதே 2020 படிவங்களிலிருந்து. அந்த மூன்று வாரத்தைத் தவறவிட்டவருக்கும், அதற்குப் பிறகு வதிவுரிமை எடுத்தவருக்கும் பெயர் போட இடமே இல்லை.

பழைய வரிசையையும் புதிய குலுக்கலையும் ஒப்பிடுகிறவர்கள் காத்திருப்புக் காலத்தைத்தான் அளக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வரிசையில் நிற்கிறவர் காணியை விற்பதா, வீட்டைத் தங்கைக்கு எழுதுவதா, முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை இங்கே செய்வதா அங்கே செய்வதா என்று ஏதோ ஒரு முடிவெடுக்கலாம். லொத்தரில் பெயர் கிடக்கிறவரால் ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. ஐந்து வருடமாக வராத பதிலுக்கு அடுத்த சனிக்கிழமையும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டும்.

சுப்பர் விசாவில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணிக்கை வரம்பு கிடையாது. பிள்ளையின் வருமானக் கடிதம், அழைப்புக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, குறைந்தது ஒரு லட்சம் கனடிய டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி. இவை சரியாக இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். 2022 ஜூலை 4 முதல் ஒரே வருகையில் ஐந்து வருடம் தங்கலாம் என்றாக்கினார்கள். காப்புறுதியைக் கனடிய நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2025 ஜனவரியில் தளர்த்தினார்கள்.

ஆனால் அந்தக் காப்புறுதிப் பேப்பரைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். எழுபத்திரண்டு வயது அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறசரும் இருக்கும், இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமானால், அந்த வருத்தம் 'நிலையாக' இருந்திருக்க வேண்டும் என்கிறது சிறிய எழுத்து. நிறுவனத்தைப் பொறுத்துப் பயணத்துக்கு முந்திய 90 நாள் அல்லது 180 நாள். குளிசை மாறியிருந்தால் நிலையாக இல்லை. ஐந்து மில்லிகிராம் பத்தானாலும் இல்லை. புதிதாக ஒரு சோதனைக்கு எழுதிக்கொடுத்திருந்தாலும் இல்லை. இதன் விளைவைச் சுன்னாகத்திலோ மானிப்பாயிலோ உள்ள கிளினிக்கில் பார்க்கலாம். "டொக்டர், பிறசர் கொஞ்சம் கூடத்தான் நிக்குது. ஆனா குளிசையை இப்ப மாத்தாதேங்கோ. நான் மார்கழியில பிள்ளையிட்டப் போறன்." உடம்பைக் காக்க எடுக்கும் காப்புறுதிக்காக உடம்பைக் கவனிக்காமல் விடுவது. காப்புறுதி முகவர் எவரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. படிவம் சொல்லாமல் சொல்கிறது.

கட்டணம் வயதோடு ஏறுகிறது. எண்பதை நெருங்கியவர்களுக்குச் சில ஆயிரம் டொலர், வருடா வருடம். பல்லுக்கும் கண்ணாடிக்கும் வழக்கமான பரிசோதனைக்கும் அது உதவாது, அவசரத்துக்குத்தான். அன்று ஹெல்த் காட்டை நீட்டிவிட்டு நின்ற இடத்தில், இன்று மகன் கிரெடிட் காட்டை நீட்டிவிட்டு நிற்கிறான்.

இருந்தும் சுப்பர் விசாவை வாயார வாழ்த்துகிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். காரணம் ஊரும் மாறியிருக்கிறது என்பதுதான். போர் முடிந்தது. ஏ9 வீதியில் இரவு பஸ் ஓடுகிறது. பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகி, சென்னைக்கு அங்கிருந்தே பறக்கலாம். வீட்டை விட்டுவிட்டு நிரந்தரமாக வர இன்றைய அறுபத்தைந்து வயதுக்காரர் எத்தனை பேர் தயார்? ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அங்கே பென்சன் வருகிறது. மாமரம் காய்க்கிறது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அங்கே நிற்க வேண்டும். சில மாதம் இங்கே, சில மாதம் அங்கே என்று வாழ முடிந்தால் அது அன்றைய பேஸ்மென்ட் வாழ்க்கையைவிட எவ்வளவோ மேல். நிரந்தர வதிவுரிமை எடுத்தவர்கூட ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும்; சுப்பர் விசாக்காரருக்கு அந்தக் கணக்கு இல்லை.

பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வருவார். வீட்டையும் நாயையும் பார்க்க அப்பா நிற்பார். மகள் ரொறன்ரோவில், மகன் இலண்டனில் என்றால் ஆளுக்கொரு பக்கம். நாற்பது வருடம் ஒரு கட்டிலில் படுத்தவர்கள் இப்போது வட்ஸ்அப்பில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். இதை யாரும் முறைப்பாடாகச் சொல்வதில்லை. பேரப்பிள்ளை நடக்கும்வரை என்றுதான் சொல்வார்கள். பிறகு அடுத்த பேரப்பிள்ளை.

இந்த வந்துபோகும் ஏற்பாடு கால் நடக்கும்வரைதான் செல்லும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, நினைவு தப்பத் தொடங்கிய பிறகு, இருவரில் ஒருவர் போன பிறகு என்ன செய்வது? விருந்தாளி விசாவில் இருக்கிறவருக்குப் பராமரிப்பு இல்லமும் இல்லை, அரசாங்கத் தாதியும் இல்லை. அந்த நிலையில் ஸ்பொன்சர் அழைப்பு விழுந்தாலும் இன்னொரு தடை உண்டு. மனைவியையும் சிறுபிள்ளையையும் அழைக்கும்போது, இவர் சுகாதாரச் சேவைக்கு மிதமிஞ்சிய சுமையாவாரா என்று பார்ப்பதில்லை. பெற்றோருக்கு அதைப் பார்க்கிறார்கள். 2018-இல் அந்தச் செலவு எல்லையை மூன்று மடங்காக உயர்த்தித் தளர்த்தியது உண்மை. விதி இன்னும் இருக்கிறது. 2020-இல் எழுபது வயதில் பெயர் போட்டவர் 2025-இல் அழைப்பு வரும்போது வேறு உடம்போடு மெடிக்கலுக்குப் போகிறார்.

கனடாதான் மோசம் என்று யாரும் எண்ண வேண்டாம். மற்றப் பக்கங்களைப் பார்த்தவர்கள் கனடாவைத் தாராளம் என்பார்கள். பிரிட்டனில் 2012 ஜூலை 9-க்கு முன், 65 வயது தாண்டி, பிள்ளையின் காசில் வாழ்கிற பெற்றோருக்கு வழி இருந்தது. இப்போது குளிக்க, உடுக்க, சமைக்க ஒருவர் உதவி வேண்டும். அந்த உதவியைப் பிள்ளை காசு அனுப்பினாலும் சொந்த நாட்டில் பெற முடியாது என்று நிறுவவும் வேண்டும். காசு உள்ள பிள்ளைக்கு, ஊரில் ஆள் பிடித்து வை என்று பதில். காசு இல்லாத பிள்ளைக்கு, உன்னால் பராமரிக்க முடியாது என்று பதில். இந்த விதியை எதிர்த்துப் போன வழக்கிலும் 2017-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கமே நின்றது.

அவுஸ்திரேலியாவில் காசுக்கு ஒரு வரிசை, காசில்லாமல் ஒரு வரிசை. 2003-இல் வந்த பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கு இரண்டாம் தவணை மட்டும் தலைக்கு 43,600 அவுஸ்திரேலிய டொலர். அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. காசு குறைந்த வரிசையில் முப்பது வருடம் என்று அரசாங்கமே சொல்கிறது. எழுபது வயதுக்காரருக்கு! 2019-இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசாவில் மொத்தம் பத்து வருடம் தங்கலாம், அதோடு சரி. எங்கள் குடும்பங்களுக்கு இடிக்கிற இன்னொரு விதி அங்கே இருக்கிறது. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அவுஸ்திரேலியாவில் இருக்க வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டையும்விட அங்கே கூடுதலானோர் இருக்க வேண்டும். நாலு பிள்ளைகளில் ஒன்று ரொறன்ரோ, ஒன்று இலண்டன், ஒன்று பாரிஸ், ஒன்று சிட்னி என்ற வீட்டை எடுங்கள். நாலில் ஒன்று பாதியும் அல்ல, மற்ற நாடுகளைவிடக் கூடவும் அல்ல. போர் பிள்ளைகளைச் சமமாகப் பிரித்துப் போட்ட குற்றத்துக்காகச் சிட்னி மகனால் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் ஒரு கதவு அகலத் திறந்திருக்கிறது. 21 வயது நிரம்பிய குடியுரிமைக்காரர் பெற்றோரை அழைக்க எண்ணிக்கை வரம்பே இல்லை. ஆனால் கிரீன் கார்டு மட்டும் உள்ளவருக்கு அந்த உரிமை கிடையாது. எச்-1பி விசாவில் போன சென்னைப் பிள்ளையோ கிரீன் கார்டுக்கே பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் வரிசையில். அதுவரை அம்மா அப்பாவுக்குச் சுற்றுலா விசா, ஒரு வருகைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்.

ரொறன்ரோவில் ஸ்பொன்சர் பேச்சு இன்று வேறு வாய்களில் இருக்கிறது. எண்பதுகளில் வந்த இளைஞர்கள் தாங்களே பாட்டன்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோரை அழைக்க விசா தேவையில்லை, காரில் போய்க் கூட்டிவரலாம். இப்போது கேட்கிறவர்கள் நேற்று வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாணவ விசாவில் வந்து வேலை அனுமதியில் நிற்கும் பெண், கோயம்புத்தூரிலிருந்து வந்த மென்பொருள்காரர். வதிவுரிமை கிடைத்ததும் அம்மாவை ஸ்பொன்சர் செய்யலாம்தானே என்று குடிவரவு ஆலோசகரிடம் கேட்கிறார்கள். நேர்மையான ஆலோசகர் என்றால் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: 2020 படிவம் உங்களிடம் இல்லை, ஆகவே இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். வதிவுரிமை வந்தபின் சுப்பர் விசா போடலாம். அதுவரைக்கும் சாதாரண விசிற்றர் விசா. வழக்கமாக ஆறு மாதம். எந்த ஆறு மாதம் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள்.